ஸ்ரோனி கிறீக்கிலிருந்து மாங்கேணி வரை: பெண்கள் சங்கங்கள் தலைமை பயின்ற கதை

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் வழியில் ஓட்டமாவடியைக் கடந்து வடக்கே போனால் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று கேணியில் முடியும் ஊர்ப்பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் காடும். உப்பு நீர் சூழ்ந்த இடத்தில் நல்ல தண்ணீர்க் கேணிதான் ஊரை ஊராக்கியது என்பதைப் பெயர்களே சொல்லிவிடுகின்றன. எம்மோடு விடுதியில் தங்கிப் படித்த தோழி ஒருத்தி மாங்கேணிக்காரி. விடுமுறை முடிந்து வரும்போது கருவாட்டுப் பொதியும் கொண்டுவருவாள். விடுதி முழுவதும் மணக்கும். அவளால்தான் அந்த ஊர் எமக்கு ஊராயிற்று.

அந்தக் கரை பட்டதை இங்கு விரித்து எழுதத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை. ஈராண்டுக்குள், 2006 இறுதியில், போர் வாகரைப் பிரதேசம் முழுவதையும் இடம்பெயர வைத்தது. 2007இல் மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். சில ஆண்டுகள் கழித்து எமது பழைய மாணவியர் சங்கத்தில் வைத்தியர்களாகவும் தாதியராகவும் ஆசிரியைகளாகவும் இருந்த நாம் சிலர் சேர்ந்து, மாங்கேணியில் தாய் சேய் நலத்துக்கென ஒரு மாதர் குழுவை அமைக்கப் புறப்பட்டோம். இக்கட்டுரை அந்த முயற்சி தோற்ற கதையில் தொடங்குகிறது. நூற்றாண்டு மலரில் வெற்றிகளை எழுதத்தான் கேட்பார்கள் என்பது தெரியும். ஆயினும் எமது சங்கம் இந்நாட்களில் எடுக்கவிருக்கும் ஒரு முடிவுக்கு இந்தத் தோல்வியே கூடுதலாகப் பயன்படும் என்று எண்ணுகிறோம்.

எல்லாவற்றையும் நாமே ஒழுங்கு செய்தோம். கூட்டம் ஞாயிறு காலை 10 மணிக்கு. எமக்கு விடுமுறை அன்றுதான். இடத்தையும் நாமே பார்த்தோம். தலைவியாக நன்றாகப் பேசக்கூடிய, உயர்தரம் வரை படித்த ஒரு பெண்ணை நாமே தெரிவு செய்தோம். யாப்பு ஒன்றும் எழுதினோம். எமது சங்கத்தின் யாப்பைப் பார்த்து எழுதியதுதான். போசாக்கு, இரத்தசோகை, தாய்ப்பால், குடும்பத் திட்டம் என்று பேச்சுகளை வரிசைப்படுத்தினோம். முதற் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குப் பாய் போதவில்லை. நான்காம் கூட்டத்துக்கு மூவர் வந்தனர். அவர்களில் ஒருவர் எமது தோழியின் சின்னம்மா, மரியாதைக்காக வந்தவர்.

அன்று கூட்டம் நடக்கவில்லை. அவ்வூர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளராக இருந்த ஓர் அம்மா எமக்குத் தேநீர் தந்துவிட்டுச் சொன்னார்: “மிஸ், நீங்க நல்லதுக்குத்தான் வாறீங்க. ஆனா எங்களிட்ட ஒண்டும் கேக்கல்லயே. பத்து மணிக்கு நாங்க மீன் காயப்போட்டுக்கிட்டு நிப்பம். நீங்க தலைவி எண்டு வெச்ச புள்ளட வளவுக்கு அந்தப் பக்கத்து ஆக்கள் வரமாட்டாங்க. அது பழைய கத.” சற்று நிறுத்தி, “சீட்டுப் பிடிக்கிற நாள்ல வாங்க. எல்லாரும் இருப்பாங்க” என்றார்.

திரும்பி வரும் வழியில் எம்மில் எவரும் அதிகம் பேசவில்லை. பல ஆண்டுகள் படித்து, சத்திரசிகிச்சைக் கூடங்களிலும் வகுப்பறைகளிலும் பிறருக்குக் கட்டளையிட்டுப் பழகியவர்கள் நாம். நேரம் என்ன, இடம் எது என்று கேட்கவேண்டும் என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தோம். அதன் பிறகுதான் இலங்கையில் பெண்கள் சங்கங்கள் எவ்வாறு தொடங்கின, யார் யாரிடம் எதைக் கற்றார்கள் என்று தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க வெட்கம் கூடியது. அந்த அம்மா சொன்னது 1897இலேயே கனடாவின் ஒரு பண்ணைக் கிராமத்தில் கண்டறியப்பட்டு, கப்பலேறி, 1930 அளவில் இலங்கைக்கும் வந்து சேர்ந்திருந்த பாடம்.

அதைக் கொண்டுவந்தவர் ஒரு வைத்தியர். டொக்டர் மேரி ரட்ணம் 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மேரி ஏர்வினாகப் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் ரொறன்ரோவில் மருத்துவம் படித்து, யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணி செய்யும் எண்ணத்தோடு 1896இல் இலங்கைக்கு வந்தார். அமெரிக்காவில் உயர்கல்வி கற்ற இலங்கைத் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம் என்பவரை அவர் மணந்திருந்தார். சுதேசி ஒருவரை மணந்த வெள்ளைப் பெண்ணை மிஷன் பணியில் வைத்திருக்க விரும்பவில்லை. சேவை செய்ய வந்த இடத்திலேயே கதவு அடைபட்டது. அவர் ஊர் திரும்பவில்லை. கொழும்பில் பெண்களுக்கான லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் பணியாற்றினார். பின்னர் தனியாகவும் வைத்தியம் செய்தார்.

அவர் நிறுவிய சங்கங்களின் வரிசையைப் பார்த்தால் ஒருவர் படிப்படியாகக் கற்றுக்கொண்டது தெரியும். 1904இல் இலங்கைப் பெண்கள் ஒன்றியம். 1909இல் தமிழ்ப் பெண்கள் ஒன்றியம். கொழும்பில் இன்றும் கலாலயா என்ற பெயரோடு நினைக்கப்படும் அமைப்பு அது. இவை நகரத்துப் பெண்களின், பெரும்பாலும் வசதியும் படிப்பும் உள்ள பெண்களின் சங்கங்கள். வைத்தியராக அவர் கண்ட நோயாளிகளோ வேறு: கிராமங்களிலிருந்து காலம் தாழ்த்திக் கொண்டுவரப்பட்ட பிரசவத் தாய்மார், வயிற்றோட்டத்தில் வாடிய குழந்தைகள். 1930களில் இந்நாட்டில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். வைத்தியசாலைக் கட்டிலில் நின்று அந்த எண்ணைக் குறைக்க முடியாது என்பது அவருக்குப் புரிந்திருக்கும். எமக்கும் அது புரியும். வாகரைப் பக்கத்திலிருந்து நள்ளிரவில் அம்புலன்ஸில் வரும் தாயைக் காணும்போதெல்லாம் புரிகிறது.

இடையில் வாக்குரிமை வந்தது. 1927 நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, அடுத்த மாதமே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. அதில் அக்னஸ் டி சில்வாவோடு மேரி ரட்ணமும் நின்றார். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழுவினர் கேட்டபோது, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற பொருளில் அக்னஸ் டி சில்வா விடை சொன்னார். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் என்று ஆணைக்குழு சிபாரிசு செய்தது. 1931இல் 21 வயது வந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குக் கிடைத்தது. எமது சங்கத்தை ஆரம்பித்த அக்காமார் முதற் கூட்டத்தில் தலைவியைத் தெரிவு செய்யக் கையுயர்த்தியபோது நாட்டின் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இருக்கவில்லை. பாடசாலை மண்டபத்தில்தான் அவர்கள் முதலில் வாக்களித்தார்கள். இதை நினைத்துப் பார்க்கும்போது எமது பழைய கூட்டறிக்கைகள் மீது புதிய மதிப்பு வருகிறது.

வாக்கு வந்துவிட்டால் போதாது, கிராமத்துப் பெண் கூட்டத்தில் எழுந்து நின்று பேசப் பழகவேண்டும், கணக்கெழுதப் பழகவேண்டும் என்று மேரி ரட்ணம் கருதியிருக்க வேண்டும். அப்போது அவருக்கு 57 வயது. கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சங்கங்கள் நடத்தியவர், தாம் பிறந்த மாகாணத்தின் பண்ணைப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்களின் இயக்கம் தொடங்கியது 1897இல். அவர் கப்பலேறியதற்கு அடுத்த ஆண்டில். தம் தாய்நாட்டில் பிறந்ததைத் தூரத்திலிருந்துதான் அவர் அறிந்துகொண்டார்.

அந்தக் கதை அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற தாயினுடையது. ஒன்ராறியோவில் ஹமில்ரன் நகரில் வாழ்ந்தவர். 1889இல் அவருடைய ஆண் குழந்தை 14 மாதத்தில் இறந்துபோனது. கெட்ட பால் குடித்ததே காரணம் என்பது அந்த இயக்கத்தார் வழிவழியாகச் சொல்லிவருவது. அக்காலத்தில் பால் திறந்த பாத்திரங்களில், ஈ மொய்க்க, வீடு வீடாகப் போகும். குழந்தையைப் பறிகொடுத்த தாய், தனக்கு இது தெரியாமல் போயிற்றே, மற்றத் தாய்மாருக்காவது தெரியட்டும் என்று வீட்டு விஞ்ஞானம் கற்பிக்கவேண்டுமெனப் பேசத் தொடங்கினார். மருத்துவக் கண்ணால் பார்த்தால் அந்த ஒரு மரணத்திலேயே முழுப் பாடமும் இருக்கிறது. குழந்தை வயிற்றோட்டத்தில் இறப்பது இன்று எமது பகுதியில் அரிதாகிவிட்டதால், அந்தத் துயரம் ஒரு காலத்தில் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பதை எமது பிள்ளைகள் அறியமாட்டார்கள்.

1897 பெப்ரவரியில் ஸ்ரோனி கிறீக் என்ற இடத்தில் விவசாயிகள் சங்கம் பெண்களையும் அழைத்த ஓர் இரவில் ஹூட்லெஸ் பேசினார். ஆண்களுக்கு மாடு வளர்ப்பையும் பயிர்ச்செய்கையையும் கற்கச் சங்கம் உண்டு, பிள்ளை வளர்ப்பைக் கற்கப் பெண்களுக்கு ஏன் இல்லை என்பது அவர் வாதம். வந்திருந்த 35 பெண்கள் ஒரு வாரத்தில் மீண்டும் கூடுவதென முடிவு செய்தார்கள். பெப்ரவரி 19ஆம் திகதி கூடியபோது 101 பெண்கள் வந்தார்கள். கூடவே எர்லண்ட் லீ என்ற விவசாயி ஒருவர் மட்டும் ஆண். யாப்பை அவரும் அவர் மனைவி ஜெனற் லீயும் தம் வீட்டு மேசையில் இருந்து எழுதினார்கள் என்பது அவ்வீட்டின் பெருமை. இனி வருவதுதான் எம்மை நிறுத்திய இடம். பேசியவர், யோசனை தந்தவர், கூட்டத்தைக் கூட்டியவர் ஹூட்லெஸ். தலைவியாகத் தெரிவானவரோ அந்த ஊரைச் சேர்ந்த கிறிஸ்டினா சிமித். ஹூட்லெஸ் கௌரவத் தலைவியாக இருந்துகொண்டு அடுத்த இடங்களுக்குப் பேசப் போனார். 1910 பெப்ரவரியில் ரொறன்ரோவில் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்தார். மறுநாள் அவருடைய பிறந்தநாள்.

நாம் மாங்கேணியில் செய்தது இதற்கு நேர்மாறு. நாமே தலைவியைத் தெரிந்தோம், நாமே பேசினோம், ஊருக்குக் கேட்கும் வேலையை மட்டும் விட்டோம்.

பெண்கள் இன்ஸ்ரிரியூற் என்று பெயர்பெற்ற அந்தச் சங்கங்களின் நடைமுறை எளிமையானது. மாதம் ஒரு கூட்டம். அதிகாரிகளை அங்கத்தவரே தெரிவு செய்வர். சமயமும் கட்சியும் கூட்டத்துக்குள் வராது. ஒவ்வொரு கூட்டத்திலும் அங்கத்தவர்களில் ஒருவரே தமக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிக் காட்டவேண்டும்: பாண் சுடுவதாகவும் இருக்கலாம், காயத்துக்குக் கட்டுப்போடுவதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பேச்சாளர் வரலாம். ஆனால் அவர் விருந்தினர். இந்த நடைமுறையை மாட்ஜ் வற் என்ற கனடியப் பெண் கடல்கடந்து கொண்டுபோக, பிரித்தானியாவின் முதற் சங்கம் 1915 செப்ரெம்பரில் வேல்ஸ் தேசத்தின் ஆங்கிள்சி தீவில் அமைந்தது. யுத்தக் காலத்தில் உணவுப் பஞ்சம் அங்கே அதை வேகமாகப் பரப்பியது.

வங்காளத்தில் அதற்கும் முன்பே வேறொரு வேர் ஓடியிருந்தது. சரோஜ் நளினி தத் என்ற பெண் 1913இல் பப்னா என்ற ஊரில் மகிளா சமிதி ஒன்றைத் தொடங்கினார். முக்காட்டுக்குள் இருந்த பெண்களை வீட்டு வாசலுக்கு வெளியே ஓரிடத்தில் கூடச் செய்வதே அதன் முதல் வேலை. கணவர் குருசதய் தத் அரச உத்தியோகத்தில் இடம் மாறிப் போன ஊர்களிலெல்லாம் அவர் சமிதி அமைத்தார். 1925இல் இளவயதிலேயே இறந்தார். அவர் பெயரால் அமைந்த நினைவுச் சங்கம் அந்தச் சமிதிகளைத் தொடர்ந்து வளர்த்தது.

மேரி ரட்ணம் 1930இல் தொடங்கிய லங்கா மகிளா சமிதியில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன: பெயர் வங்காளத்துப் பெயர், நடைமுறை ஒன்ராறியோவின் நடைமுறை. கனடியப் பெண் ஒருவர் இலங்கைக் கிராமத்துக்குக் கனடியப் பெயர் வைக்காமல் விட்டது சிறிய விடயமாகத் தோன்றலாம். நாம் எமது மாங்கேணிக் குழுவுக்கு எமது பாடசாலையின் பெயரை வைத்திருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெயரைவிட முக்கியமான ஒன்று, அவர் எதை எடுத்துக்கொள்ளவில்லை என்பது. ஹூட்லெஸ் பெண்ணின் இடம் வீடே என்று நம்பியவர். வாக்குரிமைப் போராட்டத்தில் அவருக்கு ஆர்வம் இருக்கவில்லை. மேரி ரட்ணமோ வாக்குரிமைக்காக ஆணைக்குழுவின் முன் நின்றவர்களோடு நின்றவர். கூட்டம் நடத்தும் முறையை ஹூட்லெஸிடம் எடுத்தார். அந்தக் கருத்தை எடுக்கவில்லை. பிறர் அனுபவத்தைப் படிக்கச் சொல்லும்போது பெரியவர்கள் எமக்கு அதை முழுதாக விழுங்கச் சொல்வதுண்டு. மீனைச் சாப்பிடுகிறவர் முள்ளை எடுத்து வைப்பதில்லையா!

மகிளா சமிதி கிராமத்துப் பெண்களுக்குச் சுகாதாரம், போசாக்கு, குழந்தை வளர்ப்பு, கைப்பணி, வீட்டுத்தோட்டம் ஆகியவற்றைப் பழக்கியது. கூடவே தலைவி, செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பேற்கப் பழக்கியது. மேரி ரட்ணம் 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணானார். அந்த ஆசனம் அவரிடம் நீடிக்கவில்லை. அதே காலத்தில் குடும்பத் திட்ட ஆலோசனையையும் வெளிப்படையாகத் தொடங்கி ஏச்சு வாங்கினார். 1958இல் மக்சேசே விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது பொதுச்சேவைக்கான விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு 85 வயது. 1962இல் காலமானார். தமிழ் மருமகளாக வந்து, யாழ்ப்பாணத்து மிஷனால் விலக்கப்பட்ட இவரைப் பற்றி எமது பாடப்புத்தகங்களில் நாம் ஒரு வரியும் படித்ததில்லை.

அவர் மீது எமக்குள்ள மதிப்பு இந்த இயக்கத்தின் குறையை மறைக்கக்கூடாது. கிராமத்தில் தலைவிகள் மாறினாலும் மேல்மட்டத்தில் கொழும்பின் வசதி படைத்த பெண்களே நீண்டகாலம் இருந்தார்கள். கிராமத்துக்குச் சொன்ன விதியைத் தலைநகரம் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. இது எமக்குத் தெரிந்த நோய்தான்.

மட்டக்களப்பில் அது இன்னும் பழைய நோய். எமது தேசத்தில் குடி தாய்வழியாக வருகிறது. வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாகப் போகின்றன. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். ஆனால் கோயிலில் அந்தக் குடியின் சார்பாக வண்ணக்கராக நிற்பவர் ஆண். உரிமை தாயின் வயிற்று வழியே வருகிறது, கதிரை தாய்மாமனுக்குப் போகிறது. பெண்ணுக்கு வீடு உண்டு, சபை இல்லை. மாங்கேணி அம்மா சொன்ன “பழைய கத”யும் இந்த மாதிரியான ஒன்றுதான்: எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தின் வளவில் போய்ப் பாயில் உட்காரும், எது உட்காராது என்பது. எந்த யாப்பிலும் அது எழுதப்படவில்லை. ஊரில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்வார்கள்.

கேட்பதற்கு ஒரு முறை வேண்டும். அதை எமது தொழிலே எமக்குக் கற்பித்திருந்தது என்பதுதான் வேடிக்கை. இந்நாட்டில் ஒரு தாய் பிரசவத்தோடு இறந்தால் அந்த மரணம் அறிவிக்கப்பட்டு மீளாய்வு செய்யப்படவேண்டும் என்பது 1980களிலிருந்து உள்ள நடைமுறை. மீளாய்வுக் கூட்டத்தில் விசேட வைத்திய நிபுணர் இருப்பார், சுகாதார வைத்திய அதிகாரி இருப்பார், கடைசி வரிசையில் அந்தத் தாயின் வீட்டுக்குப் போய்வந்த மருத்துவமாதுவும் இருப்பார். யாரைத் தண்டிப்பது என்பதல்ல அங்கு கேள்வி. எந்த இடத்தில் தாமதம் நடந்தது, அடுத்த தாய்க்கு அது நடக்காமல் என்ன செய்வது என்பதே. பல தடவைகளில் உண்மையான விடை கடைசி வரிசையிலிருந்துதான் வரும். வாகனம் ஏன் கிடைக்கவில்லை, மாமியார் ஏன் தடுத்தார், களப்பில் ஏன் தோணி இல்லை என்பது நிபுணருக்குத் தெரியாது, மருத்துவமாதுவுக்குத் தெரியும். 1930களின் அந்த 2000 இன்று 40க்கும் கீழே இறங்கியதில் இலவச வைத்தியசாலைகளுக்கும் பயிற்றப்பட்ட மருத்துவமாதுகளுக்கும் பெரும்பங்கு உண்டு. இறந்துபோன ஒவ்வொரு தாயிடமிருந்தும் பாடம் கேட்ட இந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு.

பயிலுநர் காலத்தில் எம்மில் ஒருவர் இத்தகைய ஒரு கூட்டத்தில் மருத்துவமாது பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிட்டுவிட்டார். தலைமை தாங்கிய மூத்த பெண் வைத்தியர் கையை உயர்த்தி, “அவ முடிக்கட்டும் மகள்” என்றார். அவ்வளவுதான். பதினைந்து வருடங்களுக்குப் பின்னும் எமது தோழி கூட்டங்களில் வாய் திறக்குமுன் அந்தக் கையை நினைப்பதாகச் சொல்கிறார். அதே தோழிதான் மாங்கேணியில் ஞாயிறு 10 மணி என்று நாள் குறித்தவர். வைத்தியசாலையில் கற்றதை ஊருக்குக் கொண்டுபோக எமக்குத் தோன்றவேயில்லை.

சீட்டு நாளில் போனோம். மாலை 4 மணி. மீன் வேலை முடிந்து, பிள்ளைகள் குளித்து, தேயிலை குடித்த நேரம். கேணியடியில் பொது இடமொன்றில் கூடியிருந்தார்கள். யாருடைய வளவும் அல்ல. சீட்டைப் பற்றி நாம் அறிந்திருந்தது வட்டிக்கணக்கு மட்டும். அன்று பார்த்தபோது அது வேறாகத் தெரிந்தது. எல்லோரும் காசு போடுகிறார்கள், ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுக்கிறார், எவருக்கும் இரண்டு முறை வராது, எவரும் விடுபடமாட்டார். கையெழுத்துப் போடத் தெரியாதவரும் தன் முறை எப்போது என்று துல்லியமாகச் சொல்வார். ஸ்ரோனி கிறீக்கில் யாப்பெழுதித் தேடிய ஒழுங்கு இங்கே பனை ஓலைப் பெட்டிக்குள் இருந்தது.

குழு மீண்டும் உருவானது, இம்முறை அவர்களால். தலைவிப் பொறுப்பும் சீட்டைப்போல முறையாக வரவேண்டும் என்று சொன்னவர் அந்தப் பொருளாளர் அம்மாதான். ஆண்டுக்கு ஒருவர், ஊரின் இரு பக்கத்திலிருந்தும் மாறி மாறி. எமது பேச்சு வரிசை கிழிந்தது. அவர்கள் கேட்ட முதல் விடயம் இரத்தசோகை அல்ல, கேணித் தண்ணீர். மழைக்காலத்தில் நிறம் மாறுகிறது, பிள்ளைகளுக்குச் சொறி வருகிறது என்றார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துவந்து கேணியைப் பார்க்கச் செய்வதுதான் எமக்குக் கிடைத்த வேலை. இரத்தசோகையைப் பற்றிப் பேச ஏழு மாதம் காத்திருந்தோம். பேசிய நாளில் ஒரு பெண் குறிஞ்சா இலைச் சுண்டலை எப்படிச் செய்தால் பிள்ளைகள் தின்னும் என்று செய்து காட்டினார். எமது படவிளக்கத்தைவிட அதற்குத்தான் கேள்விகள் வந்தன.

எல்லாம் இனிதாகப் போயிற்று என்று எழுதமுடியாது. இரண்டாவது தலைவி கணக்கில் குழப்பம் விட்டார். ஒருவரோடொருவர் பேசாமல் இரண்டு மாதம் கூட்டம் நின்றது. நாம் தலையிட்டுத் தீர்க்கத் துடித்தோம். அந்த அம்மா தடுத்தார். அவர்களே தீர்த்தார்கள், எப்படி என்று எமக்குச் சொல்லப்படவில்லை. மூன்றாவது தலைவி பேசவே கூச்சப்படுபவர். தம் ஆண்டின் முடிவில் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பாலர் பாடசாலைக் கூரைக்காக வாதாடி வந்தவரும் அவரே. நாம் தெரிவு செய்திருந்தால் அவர் பெயர் பட்டியலில்கூட வந்திராது.

இவ்வளவும் எழுதக் காரணம் எமது சங்கத்தின் யாப்பு. மாங்கேணிக்கு நாம் கொண்டுபோய் ஊர் வேண்டாம் என்ற அதே யாப்பு. தலைவி எத்தனை ஆண்டு இருக்கலாம் என்று அதில் வரையறை இல்லை. எமக்கு முன்னிருந்தவர்கள் அன்பாலும் உழைப்பாலும் நீண்டகாலம் அப்பொறுப்பைச் சுமந்தார்கள். போர்க்காலத்தில் வேறு எவரும் முன்வராதபோது அவர்கள்தான் சங்கத்தின் விளக்கை அணையாமல் வைத்திருந்தார்கள்; அந்த நன்றி எமக்கு என்றும் உண்டு. ஆனால் கடந்த பல ஆண்டுகளாகச் செயற்குழுவில் மாறி மாறி இருப்பது மட்டக்களப்பு நகரத்திலும் கொழும்பிலும் வாழும், ஆங்கிலம் சரளமாக வரும் சில பத்துப் பேர். இக்கட்டுரையை எழுதும் நாமும் அவர்களில் அடக்கம். வாகரையிலிருந்தும் கதிரவெளியிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் விடுதிக்கு வந்து படித்த மாணவியர் அங்கத்தவர் பட்டியலில் இருக்கிறார்கள், மேடையில் இல்லை. கூட்டம் எப்போதும் நகரத்தில், எப்போதும் ஞாயிறு காலையில். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எவரும் கேட்டதில்லை.

வரும் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் மூன்று திருத்தங்களை முன்மொழிய இருக்கிறோம். தலைவியின் பதவிக்காலம் இரண்டு ஆண்டு, ஒரு தடவை மட்டும். செயற்குழுவில் நகரத்துக்கு வெளியே வாழும் அங்கத்தவர்க்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. ஆண்டுக்கு ஒரு கூட்டமாவது நகரத்துக்கு வெளியே. மூத்த அங்கத்தவர் சிலர் இதனால் மனம் வருந்துவர் என்பதை அறிவோம். சிலர் ஏற்கெனவே தொலைபேசியில் வருந்திவிட்டார்கள். அவர்களில் ஓர் அக்கா மட்டும், முப்பது ஆண்டு செயற்குழுவில் இருந்தவர், முன்மொழிவை எழுதியனுப்பச் சொல்லி, எழுத்துப் பிழை திருத்தி, இரண்டாவது திருத்தத்தைத் தாமே வழிமொழிவதாக அடியில் குறித்து அனுப்பியிருக்கிறார்.

முதற் திருத்தத்தை முன்மொழிய எமது மாங்கேணித் தோழியைக் கேட்டிருக்கிறோம். மேடையில் பேசிப் பழக்கமில்லை என்கிறாள். தங்கள் குழுவின் இப்போதைய தலைவியையும் கூட்டிவந்து பின்வரிசையில் இருத்தினால் பேசுவாளாம். கூட்டம் பிற்பகல் 2 மணிக்கு மாற்றப்பட்டிருக்கிறது; அவர்களுக்குத் திரும்பிப் போக வான் ஒன்று ஒழுங்கு செய்யவேண்டும்.